ஹங்கேரிய நர்ஸ்களுக்கு ஆங்கிலச் சொற்கள்: அர்த்தப் பட்டியல் எப்படிப் போடுவது?

செகெட்_சுமதி:
எல்லோருக்கும் வணக்கம். நான் ஹங்கேரியின் தெற்கே செகெட் நகரில் இருக்கிறேன். இங்கே உள்ள சில நர்ஸ்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பெரும்பாலோர் அயர்லாந்துக்கு வேலைக்குப் போக நினைப்பவர்கள். ஐம்பது வயதை ஒட்டியவர்கள் பள்ளியில் ரஷ்ய மொழிதான் படித்தவர்கள், 1989 வரை அது கட்டாயப் பாடம். ஆங்கிலத்துக்கு அவர்கள் பிறகுதான் வந்திருக்கிறார்கள். ஆனால் வேலையில் கெட்டிக்காரர்கள், ஒரு வார்த்தை புரியாவிட்டால் விடமாட்டார்கள்.

எல்லோரிடமும் ஒரு நோட்டு இருக்கிறது. இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் ஹங்கேரியச் சொல். இந்த இரண்டு வரிசை நோட்டுதான் என் கவலை. 'லெக்' என்றால் 'லாப்' என்று எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் கீழே 'ஃபுட்' என்றாலும் 'லாப்'. இப்போது ஒரு நோயாளிக்கு வீக்கம் கணுக்காலுக்குக் கீழேயா, தொடை வரையா? நோட்டைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. நமக்கும் 'கால்' ஒன்றுதான் என்பதால் எனக்கு இது சட்டென்று புரிந்தது.

நோட்டை எடுத்துவிட்டு வேறு மாதிரி ஒரு சொற்பட்டியல் செய்து கொடுக்க ஆசைப்படுகிறேன். ஆஸ்பத்திரிச் சொற்கள் மட்டும். ஹங்கேரியில் இருப்பவர்கள், மொழி தெரிந்தவர்கள், நர்ஸ் வேலையில் இருப்பவர்கள் யோசனை சொல்லுங்கள். ஹங்கேரியச் சொற்களைக் காதில் விழுகிற மாதிரி தமிழில் எழுதுகிறேன், நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

புடாபெஸ்ட்_பாலா:
நல்ல வேலை சுமதி அக்கா. என் யோசனை: முதல் பக்கத்தில் ஏமாற்றும் சொற்களைப் போடுங்கள். அதாவது இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி ஒலித்து வேறு வேறு அர்த்தம் தருபவை. அலுவலகத்தில் இதனால் வரும் குழப்பத்தை நாள்தோறும் பார்க்கிறேன். 'அக்டுவாலிஷ்' என்றால் ஹங்கேரியனில் 'தற்போதைய' என்று அர்த்தம். அதை அப்படியே 'ஆக்சுவல்' ஆக்கிவிடுவார்கள். 'ஆக்சுவல் ரிப்போர்ட்' என்று கேட்டால் இந்த வாரத்து அறிக்கையைக் கேட்கிறார்கள் என்று நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். 'எவெந்துவாலிஷ்' என்றால் 'ஒருவேளை நடக்கக்கூடிய'. ஆங்கில 'ஈவென்சுவல்' என்பதோ கடைசியில் நடந்தே தீருவது. கிட்டத்தட்ட எதிர்ப்பொருள் மாதிரி. 'மாப்பா' என்றால் கோப்பு உறை, வரைபடம் இல்லை. 'நொவெல்லா' சிறுகதை. 'ஃபார்மர்' என்றால் ஜீன்ஸ் பேன்ட். 'கிம்னாசியும்' மேல்நிலைப் பள்ளி. 'சிம்பாட்டிகுஷ்' என்றால் பார்த்தவுடன் பிடித்துப்போகும் ஆள். அதை ஆங்கிலத்தில் 'சிம்பதெடிக்' என்று சொன்னால் இரக்கப்படுகிற ஆள் ஆகிவிடும்.

ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. 'அம்புலான்ட்சியா' என்பது வெளிநோயாளிப் பிரிவு. வண்டிக்குப் பெயர் 'மென்டோ'. 'செண்ட் ஹிம் டு தி ஆம்புலன்ஸ்' என்று ஒரு ஹங்கேரிய நர்ஸ் சொன்னால் ஓபி-க்கு அனுப்பச் சொல்கிறார் என்று அர்த்தம்.

பேச்_மாணவன்:
பேச் நகரில் மருத்துவம் படிக்கிறேன். பாலா அண்ணா சொன்னதோடு இன்னும் சில. 'ரெட்செப்ட்' என்றால் டாக்டர் எழுதித் தரும் மருந்துச் சீட்டு. சமையல் குறிப்புக்கும் அதே சொல். அதை 'ரிசீட்' என்று சொல்லிவிடுவார்கள். கடையில் தரும் ரசீதுக்கு இங்கே 'ப்ளொக்'. 'கூரா' என்றால் ஒரு சுற்றுச் சிகிச்சை. குணமாவது என்ற அர்த்தம் அதில் கிடையாது. 'ஷி காட் ஆன்டிபயாடிக் க்யூர்' என்றால் மாத்திரை கொடுத்தாகிவிட்டது என்றுதான் பொருள், சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 'விஸிட்' என்றால் வார்டில் டாக்டர்கள் சுற்றி வருவது. 'விசிட்டிங் அவர்ஸ்' நினைப்பில் உறவினர் வருகை என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் மாறிப்போகும்.

ஒன்று மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள்: 'அங்கினா'. இங்கே சாதாரண மக்கள் பேச்சில் அது தொண்டைப் புண், டான்சில் வீக்கம். ஆங்கிலம் பேசும் வார்டில் 'அஞ்சைனா' என்றால் நெஞ்சுவலி, இதயக் கோளாறு. பழைய நோய் விவரம் கேட்கும்போது 'சின்ன வயதில் அங்கினா வந்தது' என்பதை அப்படியே மொழிபெயர்த்தால் விபரீதம்.

இலக்கணப்பிரியன்:
பாலாவும் தம்பியும் சொன்னவை பயனுள்ளவை. ஆனால் அவற்றை முதல் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்பேன். ஏமாற்றும் சொற்கள் எண்ணிக்கையில் குறைவு, ஒரு முறை மாட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் மறக்காது. உண்மையான சிக்கல் சுமதி அம்மா எழுதிய 'லாப்' மாதிரியான இடங்களில்தான். ஒரு மொழி இரண்டாகப் பிரிப்பதை இன்னொரு மொழி ஒன்றாக வைத்திருக்கும். அங்கே தவறு நடந்தது என்பதே பேசுகிறவருக்குத் தெரியாது.

வலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹங்கேரியனில் 'ஃபாய்' என்ற வினைச்சொல் போதும். 'ஃபாய் அ ஃபெயெம்' என்றால் தலை வலிக்கிறது. தலைக்குப் பதில் பல், வயிறு, தொண்டை, நெஞ்சு என எதையும் போடலாம். தமிழிலும் அப்படியே, 'வலிக்கிறது' எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆங்கிலமோ ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. தலை, பல், காது, வயிறு, முதுகு என்றால் 'ஏக்' ஒட்டிக்கொள்ளும். தொண்டைக்கு 'சோர் த்ரோட்'. நெஞ்சுக்கு 'செஸ்ட் பெயின்'. 'செஸ்ட் ஏக்' என்று யாரும் சொல்வதில்லை. வினையாக வேண்டுமென்றால் 'மை ஆர்ம் ஹர்ட்ஸ்'. இதை 'பெயின் = ஃபாய்தலொம்' என்று ஒரு வரியில் எழுதி வைத்தால் என்ன பயன்? உறுப்போடு சேர்த்து முழுச் சொற்றொடராகத்தான் கொடுக்க வேண்டும்.

குளிரும் இதே கதைதான். 'ஃபாஸொம்' என்றால் எனக்குக் குளிர்கிறது. 'மெக்ஃபாஸ்தம்' என்றால் சளி பிடித்துவிட்டது. ஒரே வேர்ச்சொல். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் கோல்ட்', 'ஐ ஹாவ் எ கோல்ட்' என இரண்டு வாக்கியம். நோயாளி போர்வை கேட்கிறாரா, மூக்கு ஒழுகுகிறது என்கிறாரா என்பது 'ஆம்', 'ஹாவ்' என்ற சின்னச் சொல்லில் இருக்கிறது. ஹங்கேரியனில் 'ஹாவ்' என்ற வினையே கிடையாது. நம்மைப் போல 'எனக்கு இருக்கிறது' என்றுதான் சொல்வார்கள். அதனால் அந்த 'ஹாவ்' அவர்கள் காதில் சரியாக விழாது.

அப்புறம் 'பெட்டெக்'. அது நோயாளி, நோயுற்ற, இரண்டும்தான். 'தி இல் இஸ் ஸ்லீப்பிங்' என்று வருவது அதனால்தான்.

செகெட்_சுமதி:
ஐயா, 'தி இல்' என்பதை எங்கள் வகுப்பில் அடிக்கடி கேட்கிறேன். இன்னொன்றும் கேட்கிறேன்: 'ஹி', 'ஷி' மாறிப்போவது. பெண் நோயாளியைப் பற்றிப் பேசும்போது பாதியில் 'ஹி' ஆகிவிடும். ஹங்கேரியனில் 'ஓ' என்ற ஒரே சொல்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும். எப்படிப் பழக்குவது?

இலக்கணப்பிரியன்:
சொல் அளவில் அவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும், வேகத்தில்தான் தவறுகிறது. அதனால் பட்டியலில் போட்டுப் பலன் இல்லை. நோயாளி விவரம் சொல்லும் பயிற்சியில் 'ஹி', 'ஷி' இரண்டையும் ஆரம்பத்தில் தவிர்க்கச் சொல்லுங்கள். 'மிஸஸ் இன்னார்', 'தி பேஷன்ட்' என்று பெயராகவே சொல்லிப் பழகட்டும். நமக்கு மரியாதைக்குச் சொல்லும் 'அவர்' ஆண் பெண் இருவருக்கும் பொது. அதை ஆங்கிலத்தில் சொல்ல வரும்போது நமக்கும் ஒரு நொடி தேவைப்படுகிறது அல்லவா?

இன்னொன்று விட்டுப்போனது. இரட்டையாக உள்ள உறுப்புகளை ஹங்கேரியன் ஒரு முழுமையாகவே பார்க்கும். இரண்டு கண் சேர்ந்து ஒன்று. ஒரு கண் என்றால் அது பாதி. 'ஃபேல் ஸெமேரெ வக்' என்றால் ஒரு கண் தெரியாதவர், சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பாதிக் கண் குருடு'. 'ஹாஃப் ஐ' என்று ஒரு நர்ஸ் எழுதினால் பார்வை பாதி மங்கியது என்று படிப்பவர் நினைப்பார். கை, கால், காது, சிறுநீரகம் எல்லாவற்றிலும் 'ஒன் ஆஃப் தி டூ', 'லெஃப்ட்', 'ரைட்' என்று சொல்லிப் பழக்குங்கள். இரண்டு காலும் வலித்தாலும் அவர்கள் ஒருமையில்தான் சொல்வார்கள். 'மை லெக் ஹர்ட்ஸ்' என்று கேட்டால் 'எந்தக் கால்?' என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

டப்ளின்_மேரி:
நான் டப்ளினில் நர்ஸ். பாதிக் கண் பற்றிப் படித்ததும் நேரம் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்கள் வார்டில் ஹங்கேரியப் பெண் ஒருவர் இருக்கிறார். இங்கே 'ஹாஃப் த்ரீ' என்றால் மூன்றரை மணி. அவருக்கு அது இரண்டரை மணி. ஹங்கேரியனில் 'ஃபேல் ஹாரொம்', அதாவது மூன்றாவது மணியின் பாதி, இரண்டரை. ஒரு மணி நேர வித்தியாசம். மருந்து நேரத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுத்தில் 24 மணிக் கணக்கு இருப்பதால் அட்டையில் தவறு வராது. வாய்ப்பேச்சில்தான் வரும். 'ஹாஃப் த்ரீ' என்று யாராவது சொன்னால் உடனே 'ஃபிஃப்டீன் தர்ட்டி?' என்று திருப்பிக் கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.

கால் மணியும் அப்படித்தான், அவர் ஒரு முறை விளக்கினார். 'மூன்றின் கால்' என்றால் அங்கே இரண்டேகால்.

பேச்_மாணவன்:
எண்களில் இன்னும் இருக்கிறது. இங்கே தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள்: 2,5 மில்லிகிராம். ஆங்கில வழக்கில் 2.5. திரவத்தை 'டெசி' என்று அளப்பார்கள், ஒரு டெசி 100 மில்லி. 'அவர் இரண்டு டெசி தண்ணீர் குடித்தார்' என்பது இங்கே இயல்பான பேச்சு. அயர்லாந்தில் யாருக்கும் புரியாது, 200 மில்லி என்று சொல்ல வேண்டும். கடையில் எடைக்கு 'டெகா', 10 கிராம். பிறந்த தேதியை வருடம், மாதம், நாள் என்று எழுதுவார்கள். பெயரிலும் குடும்பப் பெயர் முதலில் வரும். படிவத்தில் 'ஃபர்ஸ்ட் நேம்' என்ற கட்டத்தைப் பார்த்தால் முதலில் வரும் பெயரை, அதாவது குடும்பப் பெயரை எழுதிவிட வாய்ப்பு இருக்கிறது.

புடாபெஸ்ட்_பாலா:
இலக்கணப்பிரியன் ஐயாவோடு ஒரு விஷயத்தில் உடன்பட மாட்டேன். இரண்டு வரிசை நோட்டு அவ்வளவு கெட்டது இல்லை. பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வருகிறவர்கள். முழுச் சொற்றொடர், எடுத்துக்காட்டு வாக்கியம் என்று பத்துப் பக்கம் கொடுத்தால் யார் படிப்பார்? 'ஸ்டெத்தஸ்கோப்', 'சிரிஞ்ச்', 'பேண்டேஜ்', 'வீல்சேர்' எல்லாம் ஒன்றுக்கு ஒன்றுதானே? பொருட்களின் பெயரை இரண்டு வரிசையில் வைத்துக்கொள்ளட்டும். உடம்பு, வலி, நேரம் இவற்றுக்கு மட்டும் வேறு முறை போதும்.

இலக்கணப்பிரியன்:
அதை ஏற்கிறேன். பொருட்பெயருக்கு இரண்டு வரிசை சரி. வினைச்சொல்லுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

வினைச்சொல் என்றதும் ஒரு நல்ல செய்தி. ஆங்கிலத்தில் நம்மை அழவைக்கும் 'கிவ் அப்', 'லுக் டவுன் ஆன்' வகைச் சொற்கள் ஹங்கேரியர்களுக்கு நம்மைவிட எளிது. அவர்கள் மொழியிலும் வினைக்கு முன்னால் ஒட்டும் சின்னச் சொற்கள் உண்டு: 'ஃபெல்' மேலே, 'லெ' கீழே, 'கி' வெளியே, 'பெ' உள்ளே, 'எல்' அப்பால். 'அட்' என்றால் கொடு. 'ஃபெல்-அட்' என்றால் மேலே கொடு, அர்த்தம் கைவிடு. ஆங்கில 'கிவ் அப்' அப்படியே. 'லெ-நேஸ்' என்றால் கீழே பார், அர்த்தம் ஒருவரை மட்டமாக நினைப்பது. 'லுக் டவுன் ஆன்'. இதை வகுப்பில் காட்டினால் முகம் மலரும், அந்தப் பயம் போய்விடும்.

ஆனால் எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதையும் அதே நாளில் காட்டிவிடுங்கள். 'எல்-அட்' என்றால் விற்பது, ஆங்கில 'கிவ் அவே' என்பது இலவசமாகக் கொடுப்பது. 'யோல் நேஸ் கி' என்றால் பார்க்க நன்றாக இருக்கிறார். அது 'ஷி லுக்ஸ் அவுட் வெல்' என்று வந்துவிடும். 'ஃபெல்-அட்' என்பதற்கே தபாலில் சேர்ப்பது என்ற அர்த்தமும் உண்டு, கடிதத்தை யாரும் 'கிவ் அப்' செய்வதில்லை.

டப்ளின்_மேரி:
வார்டில் இந்த வகைதான் அதிகம். 'த்ரோ அப்' வாந்தி எடுப்பது, 'பாஸ் அவுட்' மயங்கி விழுவது, 'கம் ரவுண்ட்' மயக்கம் தெளிவது, 'வேர் ஆஃப்' மருந்தின் வேகம் அடங்குவது. 'பாஸ் அவே' என்றால் இறந்துபோவது. 'பாஸ் வாட்டர்' சிறுநீர் கழிப்பது. 'பாஸ்' என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவு இருக்கிறது, இவற்றை ஒன்றாகப் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள்.

அயர்லாந்துக்கே உரியவையும் வேண்டும், புத்தகத்தில் இவை கிடைக்காது. 'கிவிங் அவுட்' என்றால் இங்கே திட்டுவது. ஹங்கேரியர்களுக்கு 'கி-அட்' என்பது வெளியிடுவது, கொடுத்தனுப்புவது என்பதால் தப்பாகப் போகும். 'ஹாட் பிரஸ்' என்றால் துணி உலர்த்தி வைக்கும் அலமாரி, 'பிரஸ்' என்றாலே அலமாரிதான். 'ஐ ஆம் கிராண்ட்' என்றால் பரவாயில்லை, ஒன்றும் வேண்டாம். வயதானவர்கள் உண்மையிலேயே வலி இருக்கும்போதும் இதைத்தான் சொல்வார்கள். முகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 'ஹி இஸ் ஆஃப்டர் ஃபாலிங்' என்றால் இப்போதுதான் விழுந்துவிட்டார் என்று அர்த்தம், உடனே ஓட வேண்டும். யாராவது விழப்போகிறார் என்றோ, விழுந்து நேரமாகிவிட்டது என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது.

கும்பகோணத்தான்:
இந்த இழையை ஆர்வமாகப் படிக்கிறேன். ஹங்கேரியன் தெரியாது. ஒரு கேள்வி: ஆங்கிலத்துக்கு ஹங்கேரியன் ஏதாவது சொல் கொடுத்திருக்கிறதா? அல்லது எல்லாம் ஒரு வழிப் பாதையா?

புடாபெஸ்ட்_பாலா:
கொடுத்திருக்கிறது. 'கோச்' என்ற ஆங்கிலச் சொல்லே ஹங்கேரியில் உள்ள கோச் என்ற கிராமத்தின் பெயரிலிருந்து வந்தது. 15-ம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டி ஐரோப்பா முழுக்கப் பரவியது. இன்றும் ஹங்கேரியனில் காருக்கு 'கோச்சி' என்றுதான் பேச்சு வழக்கு. ஆங்கிலத்தில் அந்த வண்டி 19-ம் நூற்றாண்டில் பரீட்சைக்குத் தயார் செய்கிற ஆசிரியராக மாறி, பிறகு விளையாட்டுப் பயிற்சியாளர் ஆனது. இப்போது அந்தப் பயிற்சியாளர் அர்த்தத்தோடு அதே சொல் ஹங்கேரிக்குத் திரும்பி வந்து, ஆங்கில எழுத்திலேயே புழங்குகிறது.

'பாப்ரிகா' அவர்களிடமிருந்து போனது. 'கூலாஷ்' கூட. ஆனால் ஹங்கேரியில் 'குயாஷ்' என்றால் சூப். வெளிநாட்டில் கூலாஷ் என்று பரிமாறும் கெட்டிக் குழம்புக்கு இங்கே 'பொர்கொல்ட்' என்று பெயர். பிரிட்டனில் பால்பாயிண்ட் பேனாவை 'பைரோ' என்கிறார்களே, அது அதை உருவாக்கிய லாஸ்லோ பீரோவின் பெயர்.

எதிர்த் திசையில் 'கெக்ஸ்'. ஆங்கிலக் 'கேக்ஸ்' ஜெர்மன் வழியாக வந்து இங்கே பிஸ்கட் ஆகிவிட்டது.

பேச்_மாணவன்:
சுமதி அக்கா, உறவுச் சொற்களை விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் 'பிரதர்', 'சிஸ்டர்' மட்டும்தான். ஹங்கேரியனில் நம்மைப் போலவே அண்ணன் 'பாத்ய்', தம்பி 'ஒச்', அக்கா 'நோவேர்', தங்கை 'ஹூக்' என்று தனித்தனி. பொதுவாகச் சொல்ல 'டெஷ்ட்வேர்', உடலும் இரத்தமும் சேர்ந்த சொல். அதனால் 'சிஸ்டர்' என்றவுடன் 'மூத்தவரா இளையவரா?' என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எனக்கும் அந்தத் தவிப்பு உண்டு.

இதில் 'நோவேர்' என்பதற்கு நர்ஸ் என்ற அர்த்தமும் உண்டு. நோயாளிகள் இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பிரிட்டனிலும் வார்டின் பொறுப்பு நர்ஸை 'சிஸ்டர்' என்பார்கள், நம் ஊரில் எல்லா நர்ஸும் 'சிஸ்டர்'தான். இந்த ஒரு சொல்லில் மட்டும் இரண்டு வரிசை நோட்டு பக்காவாகப் பொருந்துகிறது.

செகெட்_சுமதி:
அருமை தம்பி. எல்லோருக்கும் நன்றி. படித்ததை வைத்து இப்படிச் செய்யப்போகிறேன். பொருட்பெயர்கள் பாலா சொன்ன மாதிரி இரண்டு வரிசையில். உடம்புக்குச் சொல்பட்டியலே கிடையாது, ஒரு ஆளின் படம். 'ஃபுட்', 'லெக்', 'ஆர்ம்', 'ஹேண்ட்' எல்லாம் படத்தில் எல்லை போட்டுக் காட்டுவேன். விரல்களுக்கும் அதேதான், 'உய்' ஒன்றை வைத்துக்கொண்டு 'ஃபிங்கர்', 'டோ' இரண்டையும் அவர்கள் பிரிக்க வேண்டியிருக்கிறது. வலிக்கு உறுப்போடு சேர்ந்த சொற்றொடர்கள். நேரமும் அளவும் தனிப் பக்கம், அதில் ஒவ்வொரு வரியும் நோயாளியோ சக நர்ஸோ சொல்வது, அதற்கு இவர்கள் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி என்று ஜோடியாக இருக்கும். ஏமாற்றும் சொற்கள் கடைசிப் பக்கம், 'அங்கினா' மட்டும் முதல் பக்கம்.

வகுப்பில் மூத்தவர் ஒருவரிடம் ஒர்சாக் லாஸ்லோவின் பெரிய ஆங்கில-ஹங்கேரிய அகராதி இருக்கிறது, 1960-ல் வந்தது. அதில் ஒரு சொல்லின் கீழே எத்தனை பிரிவுகள், எத்தனை சொற்றொடர்கள்! ஒன்றுக்கு ஒன்று என்று சொல்லித்தரும் குறுகிய பட்டியல்கள் எங்கிருந்து வந்தன என்று ஆச்சரியமாக இருக்கிறது. அந்த அகராதியில் 'பாஸ்' எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று நாளைக்கே பார்க்கச் சொல்லப்போகிறேன்.

மேரி அக்கா, ஒரு உதவி. நோயாளிகள் வலியை எப்படி விவரிப்பார்கள்? 'ஷார்ப்', 'டல்' தெரியும். வேறு?

டப்ளின்_மேரி:
'த்ராபிங்' விண்விண் என்று தெறிப்பது, 'ஸ்டாபிங்' குத்துவது, 'பர்னிங்' எரிவது, 'கிராம்பிங்' இழுத்துப் பிடிப்பது, 'ஷூட்டிங்' ஓரிடத்தில் தொடங்கி இன்னோர் இடத்துக்குப் பாய்வது. 'நிகிலிங்' என்று வயதானவர்கள் சொல்வார்கள், லேசாக ஆனால் விடாமல் தொந்தரவு தருவது. இவற்றை ஹங்கேரியச் சொல்லோடு மட்டும் எழுதாமல், வகுப்பில் அவரவர் உடம்பில் எங்கே எப்போது அப்படி வந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். படம் தயாரானதும் இங்கே போடுங்கள் சுமதி, அயர்லாந்து வழக்குச் சொற்களை நான் சரிபார்த்துத் தருகிறேன். கூடவே எங்கள் வார்டு ஹங்கேரியப் பெண்ணிடமும் காட்டி, அவர் வந்த புதிதில் எந்தெந்தச் சொல்லில் தடுமாறினார் என்று கேட்டு எழுதுகிறேன்.